கிட்டாத அழைப்பின் விலை: மொத்தவிலைக் குரலழைப்பு வழிப்படுத்தலில் செலவும் தரமும்

ஆய்வுச் சுருக்கம்

தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் அழைப்புகளை வாங்கி விற்கும் மொத்தவிலைச் சந்தையில், ஒவ்வோர் அழைப்பும் விலை குறைந்த வழியில் அனுப்பப்படுகிறது. இம்முறையில் பதில் கிடைத்த அழைப்புக்கு மட்டுமே கணக்கு எழுதப்படுகிறது. கிட்டாத அழைப்புக்குக் கணக்கு இல்லை. எனவே விலை ஒவ்வொரு நிமிடத்திலும் கண்ணுக்குத் தெரிய, தரக்குறைவு எவர் ஏட்டிலும் பதிவாகாமல் போகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஊரகப் பகுதிகளில் 2010ஐ ஒட்டித் தோன்றிய அழைப்புச் சிக்கலைச் சான்றாகக் கொண்டு, இக்குறை எவ்வாறு உருவாகிறது, வழக்கிலுள்ள அளவீடுகள் அதை ஏன் காணத் தவறுகின்றன, செலவையும் தரத்தையும் எம்முறையில் இணைத்துப் பார்க்கலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குரலழைப்பு, வழிப்படுத்தல், சேர்ப்புக் கட்டணம், பதில் விகிதம், இடைநிலை நிறுவனம், பொய் மணியோசை

முன்னுரை

2010ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க ஊரகப் பகுதிகளிலிருந்து விந்தையான புகார்கள் எழத் தொடங்கின. தொலைபேசியில் பழுதில்லை, வெளியே பேச முடிந்தது, பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அழைப்பும் கிடைத்தது. தொலைவிலிருந்து வரவேண்டிய அழைப்புகள் மட்டும் வரவில்லை. அழைத்தவருக்கோ மறுமுனையில் மணி ஒலிப்பதாகவே கேட்டது. வீட்டில் ஆள் இல்லை போலும் என்று எண்ணி அவர் வைத்துவிட்டார். அழைக்கப்பட்டவர் வீட்டில் மணி ஒலிக்கவே இல்லை.

சிறு வணிகர் வாடிக்கையாளரை இழந்தனர். கடும் பனியால் பள்ளி மூடப்படும் செய்தி பெற்றோரை எட்டாத நிலை இருந்தது. உதவி வேண்டுவோர் பொதுப் பாதுகாப்பு அலுவலர்களை அடைய முடியாமல் போகலாம் என்ற அச்சமும் எழுந்தது. கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 2012இல் வெளியிட்ட விளக்க ஆணையில் இத்தகைய விளைவுகளை எடுத்துரைத்தது. கம்பி அறுந்ததோ சுவிட்ச் பழுதானதோ இதற்குக் காரணம் அன்று. பெரும்பகுதியும் விலைப்பட்டியல் ஒன்று சரியாகவே இயங்கியதால் விளைந்த கேடு இது. இக்கட்டுரையின் பொருளை விளக்க இதனினும் பொருத்தமான சான்று இல்லை.

அழைப்பு கைமாறும் முறை

ஓர் அழைப்பைத் தொடங்கும் நிறுவனத்துக்கும் அதை வீட்டில் கொண்டு சேர்க்கும் நிறுவனத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. உலகில் பல்லாயிரம் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே உடன்படிக்கை செய்துகொள்ள இயலாது. ஆதலின் இடைநிலை நிறுவனங்கள் தோன்றின. அவை அழைப்பு நிமிடங்களை மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்கின்றன. ஒருவரிடமிருந்து பெற்ற அழைப்பை மற்றொருவருக்குக் கைமாற்றி, இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை வருவாயாகக் கொள்கின்றன. அவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு சென்டின் சிறு பகுதியே. அதனால் இத்தொழிலில் விலை பற்றிய கூர்மை மிக அதிகம்.

விற்பவர் ஒவ்வொருவரும் தம் கட்டண அட்டவணையை அனுப்புவர். அதில் முன்னெண்களும் அவற்றுக்குரிய நிமிட விலையும் இருக்கும். உலகத் தொலைபேசி எண் 15 இலக்கங்களுக்கு மேற்படக் கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.164 பரிந்துரை. அந்த எண்ணின் தொடக்க இலக்கங்களே இலக்கிடத்தைக் காட்டும். 1 என்பது வட அமெரிக்கா. 1712 என்பது அயோவா மாநிலத்தின் மேற்குப் பகுதி. அதை அடுத்த மூன்று இலக்கங்கள் ஓர் இணைப்பகத்தைக் குறிக்கும். அழைப்பு வந்ததும், அதன் எண்ணோடு மிகுதியான இலக்கங்கள் பொருந்தும் முன்னெண்ணைச் சுவிட்ச் ஒவ்வோர் அட்டவணையிலும் தேடுகிறது. கிடைத்த விலைகளை ஏறுவரிசையில் அடுக்கி, முதலில் நிற்பவரிடம் அழைப்பைத் தருகிறது. அவர் மறுத்தால் அடுத்தவர். அவரும் மறுத்தால் அதற்கடுத்தவர். இதுவே குறைந்த விலைவழி முறை.

அட்டவணையில் தெரியும் விலை உண்மை விலை அன்று என்பதையும் இங்கே குறிக்கவேண்டும். ஒருவர் முழு நிமிடங்களாகக் கணக்கிடுவார். மற்றொருவர் நொடிக் கணக்கில் வாங்குவார். 70 நொடி நீடித்த அழைப்புக்கு, நிமிடம் 1 சென்ட் என்று முழு நிமிடக் கணக்கில் விற்பவர் 2 சென்ட் பெறுகிறார். நிமிடம் 1.4 சென்ட் என்று நொடிக் கணக்கில் விற்பவர் ஏறத்தாழ 1.63 சென்ட்தான் பெறுகிறார். அட்டவணையில் முதலிடத்தில் நிற்பவர் இங்கே இரண்டாமிடத்துக்கு உரியவர். இது விலை ஒன்றை மட்டும் பார்ப்போரும் செய்யும் பிழை. தரம் பற்றிய பேச்சு இதன் பின்னரே தொடங்குகிறது.

ஊரக நிமிடம் ஏன் விலை மிகுந்தது?

1984 சனவரி 1 அன்று அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பு பிரிக்கப்பட்டபோது, தொலைதூரச் சேவையும் உள்ளூர்ச் சேவையும் வெவ்வேறு நிறுவனங்களின் கைக்குச் சென்றன. தொலைதூர நிறுவனம் தன் அழைப்பை உள்ளூர் நிறுவனத்தின் கம்பி வழியே வீட்டுக்குச் சேர்க்க, அதற்கென ஒரு கட்டணம் செலுத்தவேண்டும். அதைச் சேர்ப்புக் கட்டணம் என இங்குக் கூறுவோம். ஊர்ப்புறத்தில் வீடுகள் தொலைவில் உள்ளன, கம்பி நீளமானது, சந்தாதாரர் சிலரே. அச்செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் பொருட்டு, ஊரக நிறுவனங்களுக்கு உயர்ந்த சேர்ப்புக் கட்டணம் ஒப்பளிக்கப்பட்டது. நகரத்தார் செலுத்தும் கட்டணத்திலிருந்து ஊரகத் தொலைபேசிக்கு உதவி கிடைக்கும் ஏற்பாடு அது.

ஆயின் மறுபக்கம் ஒன்று உண்டு. சந்தாதாரரிடம் மாதம் இவ்வளவு என ஒரே தொகை வாங்கும் நிறுவனத்துக்கு, நகர அழைப்பு சிறு செலவு. ஊரக அழைப்பு பெருஞ்செலவு. வருவாய் இரண்டுக்கும் ஒன்றே. ஊரக அழைப்பைத் தானே கொண்டு சேர்க்காமல், மலிவாகச் சேர்ப்பதாகக் கூறும் இடைநிலை நிறுவனத்திடம் தள்ளிவிடும் விருப்பம் இங்கே பிறக்கிறது. இறுதியில் சேர்ப்புக் கட்டணத்தை யாரேனும் ஒருவர் செலுத்தியே தீரவேண்டும். அதற்கும் குறைவான விலையில் ஒருவர் விற்கிறார் எனில், அவர் இழப்பில் விற்கிறார். அல்லது சேர்க்காமலே விற்கிறார்.

இதே உயர்ந்த கட்டணம் எதிர்த்திசையிலும் பிறழ்ச்சியை உண்டாக்கியது. சில ஊரக நிறுவனங்கள் கட்டணமில்லாக் கலந்துரையாடல் அழைப்புச் சேவைகளைத் தம் இணைப்பகத்தில் அமைத்து, நாடெங்கிலுமிருந்து நிமிடங்களை வரவழைத்து வருவாய் ஈட்டின. அயோவா மாநிலம் இதற்குப் பேர்போனது. ஒருபுறம் வரவேண்டிய அழைப்பு வராமலும், மறுபுறம் தேவையற்ற அழைப்பு வந்து குவியவும் ஒரே விலை வேறுபாடு காரணமாயிற்று.

இந்திய நிலை இதனின்று வேறானது. உள்நாட்டுக் கைப்பேசி அழைப்புக்கான சேர்ப்புக் கட்டணம் நகருக்கும் சிற்றூருக்கும் ஒன்றாகவே இருந்தது. 2017 அக்டோபரில் அது நிமிடத்துக்கு 14 பைசாவிலிருந்து 6 பைசாவாயிற்று. 2021 சனவரி 1 முதல் அறவே நீக்கப்பட்டது. எனவே சிற்றூர் என்பதற்காக ஓர் அழைப்பைத் தவிர்க்கும் தூண்டுதல் இங்கில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் 2020 மே முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடைப்பட்ட கட்டணம் உண்டு. அந்த வேறுபாட்டைக் கவரவே, பன்னாட்டு அழைப்பை இணையம் வழியே கொண்டுவந்து உள்ளூர் சிம் அட்டைகள் பொருத்திய பெட்டி மூலம் உள்ளூர் அழைப்பாக மாற்றும் சட்டமீறிய வழிகள் தோன்றின. வளைகுடாவிலிருந்து மகன் அழைக்கும்போது அறிமுகமற்ற உள்ளூர் எண் திரையில் தோன்றுவதை நம்மில் பலர் கண்டதுண்டு. அதன் பின்னணி பெரும்பாலும் இதுவே. விலை வேறுபாடு எங்குள்ளதோ அங்கே வழி வளைகிறது.

தோல்விக்குக் கணக்கு இல்லை

தொலைபேசித் தொழிலில் கணக்கு தொடங்குவது எடுத்த கணத்திலிருந்துதான். மணி ஒலித்து எடுக்காத அழைப்புக்கும், நடுவழியில் மறைந்த அழைப்புக்கும் வாங்குவோர் எதுவும் செலுத்துவதில்லை. நியாயமான வழக்கம்தான். ஆனால் அதன் விளைவை எண்ணிப்பார்க்கவேண்டும். மாத இறுதியில் நிறுவனத்தின் கணக்கேட்டில், மலிவான வழியில் சென்ற நிமிடங்கள் மலிவாகத் தோன்றும். அவ்வழியில் செல்ல முயன்று தோற்ற அழைப்புகள் அங்கே ஒரு வரியாகக்கூட இரா. சேமிப்புக்கு எண் உண்டு. இழப்புக்கு எண் இல்லை.

இழப்பைத் தாங்குவோர் யார்? அழைத்தவர் ஓரளவு தாங்குகிறார்; ஆனால் எடுக்கவில்லை என்றே அவர் கருதுகிறார். அழைக்கப்பட்டவர் முழுமையாகத் தாங்குகிறார். ஆனால் தம்மை ஒருவர் அழைத்தார் என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தபின் அவர் முறையிடுவது தம் உள்ளூர் நிறுவனத்திடம். அந்நிறுவனத்தின் சுவிட்சுக்கு அழைப்பு வந்துசேரவே இல்லையாதலால், அதனிடம் பதிவும் இல்லை. தவறிழைத்த இடைநிலை நிறுவனத்துக்கு இவர்களில் எவரும் வாடிக்கையாளர் அல்லர். சந்தையில் தரத்தைக் காக்கும் வாடிக்கையாளரின் குரல் இங்கே எழ இடமில்லை.

அழைப்பு நடுவழியில் என்ன ஆகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். இன்றைய இடைநிலைப் போக்குவரத்தில் பெரும்பகுதி எஸ்.ஐ.பி. என்னும் இணைய நெறிமுறை வழியே நடக்கிறது. 2002இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3261 அதன் அடிப்படை ஆவணம். அந்நெறிமுறையின் இயல்புநிலைக் கடிகாரப்படி, அடுத்த நிறுவனம் எவ்வித மறுமொழியும் தராவிட்டால் 32 நொடிகள் காத்திருந்த பின்னரே முயற்சி தோல்வியாகக் கொள்ளப்படும். நடைமுறையில் இதை வெகுவாகக் குறைத்துவைப்பர். எனினும் மூன்று நான்கு வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயலும்போது நேரம் கூடிக்கொண்டே செல்லும். ஒவ்வோர் இடைநிலை நிறுவனமும் தனக்குரிய மூன்று நான்கு வழிகளை அவ்வாறே முயலும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். முதல் நிறுவனம் தந்த அழைப்பு நான்கு கை மாறி மீண்டும் அதே நிறுவனத்திடம் விற்கப்பட்டுச் சுழன்ற நிகழ்வுகளும் உண்டு. எவருக்கும் முழு வழியும் தெரியாது. தமக்கு முன்னிருப்பவரும் பின்னிருப்பவருமே தெரியும்.

இதற்கிடையே அழைத்தவர் காதில் அமைதி. பத்து நொடி அமைதியைப் பொறுப்பவர் சிலரே. இந்த அமைதியை மறைக்கவே பொய் மணியோசை புகுந்தது. மறுமுனையில் மணி ஒலிக்கத் தொடங்கும் முன்பே, இடையிலுள்ள நிறுவனமோ தொடங்கிய நிறுவனமோ மணியோசையைத் தானே உருவாக்கி அழைத்தவருக்குக் கேட்கச் செய்யும். இதை ஒரு சிறு உபசாரம் என்று வாதிடுவோர் உண்டு. இக்கட்டுரையாளர் கருத்தில் இதுவே இச்சிக்கலில் மிகத் தீயது. ஏனெனில் அது தோல்வியைத் தோல்வியாக அறியும் கடைசி வாய்ப்பையும் அழிக்கிறது. மனிதர் ஏமாறுவதோடு சுவிட்சும் ஏமாறுகிறது. மணி ஒலிக்கிறது என்னும் செய்தி வந்துவிட்டால் மேலேயுள்ள நிறுவனத்தின் காத்திருப்புக் கடிகாரம் நின்றுவிடும். மாற்றுவழிக்கு அது செல்லாது. அழைத்தவர் வைத்துவிடும்போது, எடுக்கவில்லை என்று பதிவாகும். எடுக்காமை எவர் குற்றமும் அன்றே!

ஆகவே மலிவான வழிகள் யாவும் தீயன என்பதில்லை. இடமில்லாதபோது உடனடியாக இடமில்லை என்று கூறி அழைப்பைத் திருப்பித் தரும் மலிவான வழி பயனுள்ளதே; அடுத்த வழிக்கு அழைப்பு ஒரு நொடிக்குள் சென்றுவிடும். விரைந்து, உண்மை கூறித் தோற்கும் வழியால் கேடில்லை. அழைப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொய்யுரைக்கும் வழியே கேடு.

அளவீடுகளும் அவற்றின் மயக்கமும்

வழிகளின் தரத்தை அளக்கச் சில அளவைகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. முயன்ற அழைப்புகளில் எத்தனை நூற்றுக்குப் பதில் கிடைத்தது என்பது பதில் விகிதம்; தொழிலில் ஏ.எஸ்.ஆர். என்பர். எடுக்கப்பட்ட அழைப்பு சராசரியாக எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏ.சி.டி. எண் அழுத்தியபின் மணி ஒலிக்கும்வரை ஆகும் நேரம் பி.டி.டி. இவை மூன்றும் ஒவ்வொரு மொத்த வணிகரின் திரையிலும் நாள்தோறும் தோன்றுபவை.

பதில் விகிதத்தில் வழியின் குணமும் மனிதரின் குணமும் கலந்துள்ளன. நள்ளிரவில் எடுப்பார் குறைவு. விற்பனை அழைப்புகளை எடுப்பார் அதனினும் குறைவு. மேலும் மூன்று முறை தோற்று நான்காம் முறை பேசிய ஒருவரின் கணக்கு 25 விழுக்காடு என்றே வரும். அவர் சலித்து இரண்டாம் முறையோடு நிறுத்திவிட்டால் அது சுழியாகும். இக்கலப்பைப் பிரிக்கவே என்.இ.ஆர். என்னும் வலையமைப்புத் திறன் விகிதம் வகுக்கப்பட்டது. எடுத்தல், எடுக்காமை, எண் வேறழைப்பில் இருத்தல் ஆகியவை மூன்றிலும் வலையமைப்பு தன் பணியைச் செய்துவிட்டது எனக் கொண்டு, அவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவது அது. கோட்பாட்டளவில் இது மேலானது. ஆனால் அழைப்பு ஏன் முடிந்தது என்று தெரிவிக்கும் காரணக் குறியீட்டை அனுப்புபவர் அந்த வழியின் உரிமையாளரே. பன்னாட்டு வகைப்பாட்டில் 17 என்றால் அழைக்கப்பட்டவர் வேறு பேச்சில் உள்ளார்; 34 என்றால் வழியில் இடமில்லை. 34க்குப் பதில் 17 அனுப்பினால் வழியின் என்.இ.ஆர். உயர்ந்துவிடும். மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வது போன்றது இது.

இதனினும் கொடியது பொய்ப் பதில். மறுமுனையில் எவரும் எடுக்காதபோதே, எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பிக் கணக்கைத் தொடங்கிவிடுவது. இத்தகைய வழியின் பதில் விகிதம் மிக அழகாக இருக்கும். பதில் விகிதத்தை மட்டும் நோக்கி வழிகளைத் தெரிவு செய்யும் மென்பொருள், திருடனைத் தேடிச்சென்று தேர்ந்தெடுக்கும். ஏ.சி.டி. துணைக்கு வருவது இங்கேதான். பதில் விகிதம் வழக்கத்தை மீறி உயர்ந்திருக்க, சராசரிப் பேச்சு நேரம் சில நொடிகளாகச் சுருங்கியிருந்தால், அவ்வழியை ஐயுறவேண்டும். ஓர் அளவையைத் தனித்து நம்பலாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இனி, ஊரகச் சிக்கல் ஏன் நெடுநாள் கண்ணில் படவில்லை என்னும் வினாவுக்கு வருவோம். விடை எளிய புள்ளியியலில் உள்ளது. ஒரு சிற்றூர் இணைப்பகத்துக்கு ஒரு நிறுவனத்திலிருந்து நாளொன்றுக்கு 20 அழைப்புகள் செல்வதாகக் கொள்வோம். உண்மையான பதில் விகிதம் 50 விழுக்காடாக இருப்பினும், தற்செயல் காரணமாகவே அன்றாட அளவு 28இலிருந்து 72 வரை ஊசலாடும். நேற்று 35, இன்று 60 என்று கண்டால் அதனால் எதையும் முடிவு செய்ய இயலாது. அதே ஊசலாட்டம் ஏறத்தாழ 5 விழுக்காட்டுப் புள்ளிகளாகச் சுருங்க 400 அழைப்புகள் வேண்டும்; அச்சிற்றூருக்கு அது 20 நாள் போக்குவரத்து. மொத்த வணிகரோ மணிக்கொரு முறை அளவைப் பார்த்து வழியை மாற்றுபவர். ஆதலின் சிற்றூர்களைத் தனித்துப் பாராமல், மாநிலம் அல்லது நாடு என்னும் பெருந்தொகுதியோடு சேர்த்தே கணக்கிட்டனர். அப்பெருந்தொகுதியில் நகர அழைப்புகளே நிறைந்திருக்கும். சிற்றூர்கள் பலவற்றில் பாதி அழைப்பு மறைந்தாலும் மாநிலச் சராசரி அசையாது.

குரலின் தெளிவு

கிட்டிய அழைப்பிலும் தரம் உண்டு. இது பற்றி எழுதப்பட்டவை மிகுதியாதலால், கைமாற்றத்தோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் கூறலாம். ஜி.711 முறையில் குரல் நொடிக்கு 64 கிலோபிட் கொள்ளும், ஜி.729 முறையில் 8 கிலோபிட். 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என அனுப்பும்போது இணையத் தலைப்புகளும் சேர்வதால் இவை முறையே 80, 24 கிலோபிட் ஆகின்றன. இணைப்புச் செலவைக் குறைக்க விரும்பும் இடைநிலை நிறுவனம் இரண்டாவதைக் கையாளும். ஒருமுறை அவ்வாறு சுருக்கினால் கேட்போர் பெரும்பாலும் குறைகாணார். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.107 கணிப்பு முறையில் குறைபாடற்ற அழைப்பின் இயல்பு மதிப்பு 93.2, ஜி.729 அதில் 10ஐக் குறைக்கும். 83.2 நிறைவான அழைப்பே. ஆனால் நடுவழியில் ஒருவர் விரித்து, அடுத்தவர் மீண்டும் சுருக்கினால், இன்னொரு 10 கழியும். 73.2 என்பது சிலர் குறைகூறத் தொடங்கும் நிலை. நிறுவனங்கள் இரண்டும் தத்தம் பகுதியை அளந்தால் இரண்டும் நிறைவு என்றே கூறும். ஒருமுனைத் தாமதமும் அவ்வாறே கூடிச்செல்லும். 150 மில்லிநொடிவரை பேச்சுக்கு இடையூறில்லை, 400ஐத் தாண்டலாகாது என்னும் ஜி.114 பரிந்துரை முழு வழிக்கும் உரியது, ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே உரியது அன்று.

வாயிலும் வரிசையும்

செலவையும் தரத்தையும் எவ்வாறு இணைப்பது? விலைக்கு இத்தனை பங்கு, பதில் விகிதத்துக்கு இத்தனை, தாமதத்துக்கு இத்தனை என எடையிட்டுக் கூட்டி, ஒரே மதிப்பெண் தருவது பரவலான வழக்கம். திரையில் பார்க்க நன்றாக இருக்கும். ஆயினும் அதில் ஓர் அடிப்படைப் பிழை உண்டு. எடையிட்டுக் கூட்டும் எம்முறையிலும் ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறை ஈடுசெய்யும். போதிய அளவு மலிவாக இருந்தால், அழைப்பைச் சேர்க்காத வழியும் முதலிடம் பெறலாம். அழைப்புச் சேராமைக்கு மலிவு ஈடாகாது.

அதனினும் ஏற்றது முதலில் வாயில், பின்னர் வரிசை என்னும் முறை. பி.டி.டி. வரம்பு, என்.இ.ஆர். வரம்பு, பொய்ப் பதில் ஐயம் இன்மை, பெயர் அறிந்த இடைநிலையர் எண்ணிக்கை ஆகிய தகுதிகளை வாயிலாக வைத்து, அவற்றைக் கடந்த வழிகளை மட்டும் விலைவரிசையில் அடுக்குவது. வாயிலின் உயரம் இலக்கிடத்துக்கு இலக்கிடம் மாறலாம். ஆனால் மலிவைக் காட்டி அதைத் தாண்ட முடியாது.

இம்முறை வருவாய்க்கு எதிரானது என்று அஞ்சவேண்டியதில்லை. ஒரு கணக்கைக் காண்போம். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. விற்கும் விலை நிமிடம் 2 சென்ட். முதல் வழியின் விலை 1.2 சென்ட், பதில் விகிதம் 35, சராசரிப் பேச்சு 2 நிமிடம். இரண்டாம் வழியின் விலை 1.5 சென்ட், பதில் விகிதம் 55, சராசரிப் பேச்சு 3 நிமிடம். 10,000 முயற்சிகளில் முதல் வழி 7,000 நிமிடங்களைத் தந்து 56 டாலர் ஈட்டும். இரண்டாம் வழி 16,500 நிமிடங்களைத் தந்து 82.50 டாலர் ஈட்டும். நிமிடத்துக்கு வரும் ஊதியம் குறைந்தும் மொத்த ஊதியம் கூடுகிறது. நிமிட விலையை விடுத்து முயற்சி ஒன்றுக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்கிட்டால் போதும், வரிசை தலைகீழாகும்.

இவ்வாதத்தை அளவுக்கு மீறி நீட்டலாகாது. மாதத்துக்கு ஒரே தொகை வாங்கும் நிறுவனத்துக்கு நிமிடங்கள் பெருகுவதால் ஊதியம் இல்லை, செலவே மிகும். அமெரிக்க ஊரக அழைப்பில் நிகழ்ந்தது இதுவே. அங்கே கிட்டாத அழைப்பு உண்மையிலேயே சேமிப்பாக இருந்தது. கணக்கைத் திருத்திக் காட்டுவதால் மட்டும் அந்நிறுவனம் திருந்தாது. வெளியிலிருந்து விதி வேண்டும்.

வாயில் முறைக்கும் ஒரு நடைமுறை இடர் உண்டு. வாயிலில் தடுக்கப்பட்ட வழிக்கு அழைப்பே செல்லாததால், அது திருந்திவிட்டதா என்பது தெரியாமலே போகும். சிறு பங்கு அழைப்பை அவ்வழியில் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். ஆனால் அச்சோதனைக்கு உட்படும் அழைப்பும் ஒருவரின் அழைப்பே. எனவே சோதனைக்கென ஒதுக்கிய எண்களுக்குச் சோதனை அழைப்புகளை அனுப்பி, மறுமுனையில் மணி ஒலித்ததா என்பதை மறுமுனையிலேயே பதிவு செய்வதே முறையானது. இரு முனைகளின் பதிவையும் ஒப்பிடும் இம்முறை ஒன்றே பொய் மணியோசையையும் பொய்ப் பதிலையும் ஐயமறக் காட்டவல்லது. செலவு மிகுந்தது என்பதால் பலர் இதைக் கையாளுவதில்லை.

விதிகள் சென்ற வழி

கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 2011இல் இதற்கெனப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சேர்ப்புக் கட்டணங்களைப் பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கும் பெருஞ்சீர்திருத்தத்தை ஏற்றது. நோயின் வேரை நோக்கிய மருந்து இதுவே. ஆனால் மெதுவாகவே வேலை செய்யும். 2012 பிப்ரவரியில், அழைப்பை மறிப்பதும் மட்டுப்படுத்துவதும் தகாத செயல் எனவும், தான் அமர்த்திய இடைநிலை நிறுவனத்தின் செயலுக்கு அமர்த்திய நிறுவனம் பொறுப்பாகும் எனவும் தெளிவாக்கியது. 2013 அக்டோபர் ஆணை பொய் மணியோசையைத் தடை செய்தது. அதோடு, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைக் கொண்ட நிறுவனங்கள் ஊரக அழைப்புகளை ஊரக நிறுவன வாரியாகப் பதிந்து அறிக்கை தரவேண்டும் என்றது. சராசரியில் மறைந்த சிற்றூரைத் தனியே பிரித்துக் காட்டும் முயற்சி அது. ஓர் அழைப்பில் இரண்டுக்கு மேற்பட்ட இடைநிலை நிறுவனங்களைப் புகவிடாதவர்களுக்கு அறிக்கைச் சுமை குறைக்கப்பட்டது.

வெரைசன் நிறுவனத்தோடு 2015இல் 50 இலட்சம் டாலர் அளவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஊரகப் பகுதிகளில் பதில் விகிதம் குறைந்திருந்ததை ஆராயத் தவறியதே அங்கே எழுந்த குற்றச்சாட்டு. அளவீடு இருந்தும் பார்க்கவில்லை என்பது பொருள். 2018 ஏப்ரலில் டி-மொபைல் நிறுவனம் பல கோடி அழைப்புகளில் பொய் மணியோசை புகுத்தியமை தொடர்பாக 4 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

அறிக்கை முறை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் எண்ணியதால் அறிக்கைகளை ஒப்பிட இயலவில்லை. 2018இல் அறிக்கைக் கடமை நீக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. இடைநிலை நிறுவனங்கள் ஆணையத்திடம் பெயரைப் பதிவு செய்யவேண்டும். பதிவில்லாத நிறுவனத்திடம் அழைப்பைத் தரலாகாது. அவற்றுக்கெனத் தர நெறிகள் வகுக்கப்படவேண்டும். அந்நெறிகள் 2019 மார்ச்சில் வெளியாயின. அழைப்பைத் தொடங்கும் நிறுவனம் தன் இடைநிலையரைத் தொடர்ந்து கண்காணிக்கவும், குறை கண்டால் வழியை மாற்றவும் கடமைப்பட்டது. கிட்டாத அழைப்புக்கு இன்றும் கணக்குச் சீட்டு இல்லை. ஆனால் அது எந்தெந்தக் கைகளில் இருந்தது என்று கேட்கும்போது, பதிவேட்டில் பெயர்கள் இருக்கின்றன.